அம்மாவுக்குத் தெம்பு

12 ஜூன் 1997
அல்சூர் மார்க்கெட்டில் தர்ஷினி பிடிவாதம் பிடித்து அந்தச் சத்துப் பவுடர் டின்னை வாங்க வைத்துவிட்டாள். டிவியில், சோர்ந்து படுத்திருக்கும் ஓர் அம்மா அதை ஒரு டம்ளர் குடித்ததும் எழுந்து மகளோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறாளாம். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரம்மா பக்கத்தில் நின்று சிரிக்கிறாளாம். தர்ஷினிக்கு ஆறு வயதாகிறது, பாலைத் தொடமாட்டாள். இதையாவது குடிக்கட்டும்.

அவள் அம்மா தாரணிக்கு இன்று டயாலிசிஸ். வந்ததும் படுத்துவிட்டாள்.

20 ஜூன்
டின் பாதி காலி. தண்ணீரில் தானே கலக்கிக்கொள்கிறாள். பிள்ளைக்கு ருசி பிடித்துவிட்டது.

3 ஜூலை
தாரணிக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. டாக்டர் என் எதிரிலேயே கடிந்துகொண்டார். "ஒரு நாளைக்கு அரை லிட்டர்னு சொல்லியிருக்கேன். மேல குடிச்சா தண்ணி நுரையீரல்ல போய் நிக்கும். நீங்க என்ன குழந்தையாம்மா?"

தலை குனிந்து நின்றாள். ஆட்டோவில் நானும் கத்தினேன். உனக்கு வாழ ஆசையே இல்லையா என்று கேட்டுவிட்டேன். அல்சூர் ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

6 ஜூலை, ஞாயிறு
கண்ணாடியை எடுக்க உள்ளே போனேன். கட்டிலருகே தர்ஷினி, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"சீக்கிரம் குடிம்மா, அப்பா வர்றதுக்குள்ள. இன்னிக்கு மூணு ஸ்பூன் போட்டிருக்கேன்."

தாரணி குடித்துக்கொண்டிருந்தாள். தினமும் இதுதானா நடந்திருக்கிறது?

பிடுங்கினேன். கட்டிலெல்லாம் பழுப்பாகச் சிந்தியது.

"ஏன் தாரணி?"

"அவ கொண்டுவந்து நிக்கறப்போ மூஞ்சியைப் பாத்திருந்தா நீங்களும் குடிச்சிருப்பீங்க."

டின்னைப் பரணில் போட்டேன். தர்ஷினி விடவில்லை. விளம்பரம்டா கண்ணு, பவுடர் விக்கிறதுக்காகச் சொல்றது என்றேன்.

"டாக்டர் ஆன்ட்டி சொன்னாங்களே!"

"அவங்க டாக்டர் இல்ல, நடிக்கிறாங்க."

"இல்ல. நீங்கதான் பொய் சொல்றீங்க."

27 ஜூலை
தாரணி போய்விட்டாள். மூச்சு விட முடியாமல் தவித்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பவில்லை.

9 ஆகஸ்ட்
டாக்டரிடம் போய் அந்த டம்ளர்களைப் பற்றிக் கேட்டேன். "இதயம் முன்னாடியே வீக்தான் சிவசங்கரன். அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

வீட்டுக்கு வந்தால், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு தர்ஷினி கத்துகிறாள். "டின்னை நீதான் எடுத்து வெச்சிட்ட! அதனாலதான் அம்மா செத்துட்டாங்க!"

அந்தச் சோற்றைக் கொண்டுவந்திருந்த பக்கத்து வீட்டு சந்திரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "குழந்தைகிட்ட நிஜத்தைச் சொல்லிடுங்கண்ணா. நீங்க நிறுத்தினதுதான் சரின்னு சொல்லுங்க. இல்லேன்னா ஜென்மம் பூரா உங்களை வெறுப்பா."

எப்படிச் சொல்வது? அது அம்மாவுக்குக் கெடுதல் என்று சொன்னால், கொடுத்த கை யாருடையது என்று ஒரு நாள் நினைப்பாள். இப்போது இல்லாவிட்டால் பதினைந்து வயதில். இருபதில். ஐயோ, அந்தக் கையை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

உள்ளே போய், "ஆமாம்மா, அப்பாதான் நிறுத்தினேன்" என்றேன்.

18 செப்டம்பர்
என்னோடு பேச்சில்லை. தலை பின்னுவது, சோறு ஊட்டுவது எல்லாம் சந்திரம்மாதான். சாயங்காலம் அந்த விளம்பரம் வந்தது. அந்த அம்மா எழுந்தாள், ஓடினாள், சிரித்தாள். தர்ஷினி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

தாரணி, முடியலடி.

30 அக்டோபர்
தீபாவளிக்குச் சட்டை வாங்கி வந்தேன். சந்திரம்மா சொல்லித்தான் போட்டுக்கொண்டாள்.

4 மார்ச் 1998
காலையில் அவளைத் தேடி சந்திரம்மா வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே பேச்சுக் குரல்.

"எங்கப்பா கெட்டவரு இல்ல ஆன்ட்டி. அந்தப் பவுடர் நல்லதுன்னு அவருக்குத் தெரியல, அவ்ளோதான். தெரிஞ்சிருந்தா அம்மாக்குக் குடுத்திருப்பாரு."

சந்திரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

தர்ஷினி வெளியே வந்தாள். என் முன்னால் ஷூ காலை நீட்டினாள்.

"லேஸ் கட்டி விடுங்க."

குனிந்து கட்டினேன். நிமிர்வதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.