குடும்பப் பெயர் என்ற கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

கிள்ளானிலிருந்து வரும் கொமியூட்டர் ரயில் இன்றும் இருபது நிமிடம் தாமதம். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி ஓடியும், நூலகத்துக்குள் நுழைந்தபோது கூட்டம் தொடங்கியிருந்தது. கதவோர நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.

பல்கலைக்கழகம் ஒரு கம்பெனியிடமிருந்து புதிதாக ஓர் ஆய்வுத் தகவல் முறைமை வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு விரிவுரையாளருக்கும் ஒரு பக்கம். கட்டுரைகள், மானியங்கள், மாணவர்கள் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் நூலகக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடங்களாகச் சேர்ந்த கட்டுரைகள் இனி தினமும் தாமாகவே அந்தப் பக்கங்களுக்குப் போக வேண்டும். இரண்டையும் இணைப்பது எங்கள் பிரிவின் வேலை. பதவி உயர்வுக் குழு இந்த வருடம் முதல் அந்தப் பக்கத்துக் கட்டுரை எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்குமாம்.

பிரிவுத் தலைவர் கமலநாதன் சார் வேலையைப் பிரித்தார். இந்தியப் பெயர்கள் எனக்கு. கணினி வேலை பார்க்கும் ஹாஜிரா அக்கா சிரித்தார். "பின், பிந்தி எல்லாம் கம்பெனிக்காரனுக்குப் பழக்கம். ஏ/எல், ஏ/பி பாத்தாதான் முழிக்கிறான். உங்க ஆளுங்கள நீயே பாத்துக்கோ லா."

மலாய்ப் பெயர்களில் பின், பிந்தி என்றாலும் நம் பெயர்களில் ஏ/எல், ஏ/பி என்றாலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றுதான் பொருள். தலையாட்டினேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த அறையில் நான் ஒரு முழு வாக்கியம் பேசியிருப்பேனா?

பிப்ரவரி 6, வியாழன்

614 பெயர்களும் முடிந்தன.

படிவத்தில் மூன்று கட்டங்கள்: முதற்பெயர், குடும்பப் பெயர், ஊழியர் எண். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஆனாலும் விமான டிக்கெட்டோ வங்கியோ, எங்கே கேட்டாலும் அப்பா பெயரைத்தானே போடுகிறோம். நானும் எல்லா இடத்திலும் தம்புசாமி என்றுதான் போட்டு வந்திருக்கிறேன். அதையே விதியாக எழுதிக் கொடுத்தேன்: ஏ/எல் அல்லது ஏ/பிக்குப் பின்னால் வருவது குடும்பப் பெயர்.

ஊழியர் எண் கட்டாயமில்லை என்று போட்டிருந்தது. காலியாக விட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடுமுறை. அம்மாவின் பால்குடம் நல்லபடியாக முடிந்தது. எனக்குக் கால் வலி.

பிப்ரவரி 19, புதன்

முதல் இணைப்பு ஓடியது! இருபத்தோராயிரம் பதிவுகள், பிழை ஏதுமில்லை என்று திரையில் வந்தது. கமலநாதன் சார் எல்லோருக்கும் உருளைக்கிழங்கு கரிபாப் வாங்கிக் கொடுத்தார். "வாணி, உன் பட்டியல் சுத்தமா இருந்துச்சு" என்றார். வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் முகப்பில் ஒருவர் நின்றார். கடல் அறிவியல் துறை விரிவுரையாளர், டாக்டர் விஷ்ணுப்ரியா. காலணியில் காய்ந்த சேறு. கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தின் சதுப்பு நிலக் காட்டில் நண்டுகளைப் பற்றி ஆராய்கிறவர்.

"தங்கச்சி, பதினாலு வருஷமா நான் என்னதான் பண்ணேன்னு உங்க சிஸ்டத்துக்குத் தெரியலையாம். முப்பத்தொரு கட்டுரை எழுதியிருக்கேன். நானே கையால ஏத்துன மூணுதான் காட்டுது."

இணைப் பேராசிரியர் பதவிக்கு மூன்றாவது முறையாக விண்ணப்பித்திருக்கிறார். வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் குழு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளும். இந்த முறையும் கிடைக்காவிட்டால் அவருடைய ஆய்வுக்கூடத்தை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவார்களாம். இதைக் கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தேடவே தேவையிருக்கவில்லை. கட்டடப் பொறியியல் துறை டாக்டர் யுகேந்திரனிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது: "எனக்கே தெரியாம இருபத்தெட்டு தடவ நண்டு புடிச்சிருக்கேன் போல. நான் கான்கிரீட் ஆளு. யாரோடதுன்னு பாத்துக் குடுத்துருங்க boss."

அவர் யுகேந்திரன் ஏ/எல் ராதாகிருஷ்ணன். இவர் விஷ்ணுப்ரியா ஏ/பி ராதாகிருஷ்ணன். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இரண்டு அப்பாக்களுக்கும் ஒரே பெயர், அவ்வளவுதான். முறைமை ராதாகிருஷ்ணன் என்றால் ஒரே குடும்பம், ஒரே ஆள் என்று முடிவு கட்டி, முதலில் திறந்த பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறது.

பட்டியலைத் திறந்தேன். 402, 431. இரண்டு வரியிலும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நான் போட்டதுதான் இருக்கிறது.

நான்தான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அவசரக் கூட்டம். கமலநாதன் சார் கம்பெனிக்காரரைத் தொலைபேசியில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துத் திட்டினார். அரை மணி நேரம். அந்த மனிதர் "எங்கள் நிரலைச் சோதிக்கிறோம், திங்கட்கிழமை பதில் சொல்கிறோம்" என்று கெஞ்சினார்.

திங்கட்கிழமையா! எண்ணிக்கை வெள்ளிக்கிழமை. அவர்கள் நிரலில் தேடினால் என்ன கிடைக்கும்? தப்பு என் தாளில் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாய் திறந்தேன். தண்ணீர் குடித்தேன். மூடிக்கொண்டேன்.

ஏன்டி? என்னதான் ஆயிடும்? ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, அதனாலா? எங்கள் வரிசை வீடுகளில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவது நான் ஒருத்திதான், அதனாலா? அந்த அம்மா சேத்துல நின்னு எழுதினத நான் ஒரு கட்டத்துல தொலைச்சுட்டேன். தொலைச்சுட்டு தண்ணி குடிக்கிறேன்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டிக் களைத்து வந்திருந்தார். என் வேலை என்னவென்று அவருக்குச் சரியாகச் சொல்ல எனக்கு வந்ததே இல்லை. இன்று வந்தது.

"அப்பா, என்னால ஒருத்தங்க எழுதுனதெல்லாம் அவங்க அப்பா பேருக்குப் போயிருச்சு."

"அப்ப அவருக்குப் பட்டம் குடுப்பாங்களா?"

அம்மா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 26, புதன்

சொல்லிவிட்டேன்.

எட்டரை மணிக்கு சார் அறை வாசலில் நின்றேன். தாளில் எழுதிக் கொண்டுபோனதைப் படிக்கவே முடியவில்லை. "சார், கம்பெனி மேல தப்பில்ல. குடும்பப் பெயர்ல அப்பா பேர போடச் சொன்னது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து சொல்லியிருக்கக்கூடாதா? அந்த ஆள எப்படித் திட்டிட்டேன்!" கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பிறகு, "நான்கூட அதத்தான் போட்டிருப்பேன். என் பேங்க் கார்டுலயே எங்கப்பா பேருதான் பின்னால நிக்குது. சரி, என்ன பண்ணலாம்னு சொல்லு."

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. பெயரையே பார்க்க வேண்டாம். 2014-க்குப் பிறகு களஞ்சியத்தில் எதைச் சேர்த்தாலும் ஊழியர் எண்ணோடுதான் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் வந்தவற்றுக்குக் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. அவற்றிலும் எண் உண்டு. எண்ணை வைத்து இணைத்தால் எத்தனை ராதாகிருஷ்ணன் இருந்தாலும் கவலையில்லை.

ஹாஜிரா அக்காவைக் கூப்பிட்டார்.

"எத்தன பெட்டி?"

"நாப்பத்தொண்ணு அக்கா."

"யா அல்லா. நல்ல செருப்பு போட்டுட்டு வந்தேன் பாரு."

கம்பெனிக்காரரைச் சார் உடனே அழைத்து மன்னிப்புக் கேட்டார். நான் அறையை விட்டு வெளியே போகவில்லை. போயிருக்கலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

நாள் முழுதும் கீழ்த்தளம். தும்மல். சார் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து படிவங்களை எடுத்துக் கொடுத்தார். அக்கா எண்களை வாசிக்க, நான் ஏற்றினேன்.

டாக்டர் விஷ்ணுப்ரியாவின் ஐந்து பழைய கட்டுரைகளுக்கு அவர் எண் எங்குமே இல்லை. மாணவியாக இருந்தபோது எழுதியவை. அப்போதைய அவருடைய பேராசிரியரின் எண்ணில் சேர்ந்திருந்தன. டாக்டர் விஷ்ணுப்ரியாவையே கேட்க வேண்டும். மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், தொலைபேசியை எடுத்தேன்.

என் தப்பைத்தான் முதலில் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம், படகில் இருந்திருப்பார்.

"நீயா?" என்றார். பிறகு, "மூணு நாளா எந்த மெஷின்காரன் மேல கோவப்படுறதுன்னு தெரியாம கெடந்தேன். சரி, அந்த அஞ்சு எதெதுன்னு சொல்லு. கட்டுரையோட முதல் பக்கத்த இப்பவே அனுப்புறேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 28, வெள்ளி

இரண்டு மணிக்கு இணைப்பை மறுபடி ஓட்டினோம். பாதியில் நின்றது. அக்கா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். மூன்றே முக்காலுக்கு மறுபடி.

4.20: டாக்டர் விஷ்ணுப்ரியாவின் பக்கத்தில் முப்பது.

ஒன்று குறைகிறது. ஓர் இதழின் பெயர் மாறியதால் எங்கோ சிக்கியிருக்கிறது; ஐந்து மணிக்குள் முடியாது. அவரை அழைத்துச் சொன்னேன். "முப்பது போதும்மா, நான் பேராசைக்காரி இல்ல" என்றார்.

யுகேந்திரன் சாரின் பக்கத்தில் இப்போது ஒன்பது. அவர் எழுதியிருந்தார்: "நண்டெல்லாம் போயிருச்சு. வீட்டுல ஏற்கெனவே பெருமையா சொல்லி வெச்சிட்டேன்."

இரயிலில் தூங்கிவிட்டேன். கிள்ளான் போனதே தெரியவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன்.

மார்ச் 12, புதன்

கூட்டக் குறிப்பில் "பிழையைக் கண்டறிந்து சரிசெய்தவர் வாணி" என்று போட்டிருந்தார்கள். பிழையைச் செய்தவரும் வாணி என்று சேர்க்கச் சொன்னேன். "கம்முனு இரும்மா" என்றார் சார். ஆனால் சேர்த்தார்.

அந்த முப்பத்தொன்றாவது கட்டுரையும் வந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

ஒப்பந்தம் இரண்டு வருடம் நீட்டிப்பு. புதிதாகச் சேரும் விரிவுரையாளர்களுக்கு மாதம் ஒரு முறை நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். நானா? முப்பது பேர் முன்னாலா?

ஜூலை 9, புதன்

எடுத்தேன். முதல் பத்து நிமிடம் சுவரைப் பார்த்துப் பேசினேன். ஒரு பெண், "எங்க அப்பா பேர எங்க போடணும்?" என்று கேட்டாள். அதன் பிறகு நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 10, புதன்

காலையில் வழக்கம்போலச் சில பக்கங்களைத் திறந்து சரிபார்த்தேன். விஷ்ணுப்ரியா ஏ/பி ராதாகிருஷ்ணன். பெயர் முழுதாக, ஒரே கட்டத்தில். அதன் கீழே: இணைப் பேராசிரியர்.

நேற்று அங்கே மூத்த விரிவுரையாளர் என்றிருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கை வைக்கவில்லை. காலை ஆறு மணிக்கு முறைமை ஊழியர் பிரிவின் கோப்பிலிருந்து அதைத் தானாகவே எடுத்துப் போட்டிருக்கிறது.