முதல் பெஞ்சில் பாப்பா

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். வெகு நாளுக்குப் பிறகு இந்த வார்த்தையைக் கை கூசாமல் எழுதுகிறேன்.

பாப்பாவின் காயம் ஆறிவிட்டது. இடது காலில் கறுத்துப்போன விரல்களை எடுத்த இடத்தில் புதுத் தோல் வந்துவிட்டது. வலது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுதேன். பிறகு, மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்தும் பிழைத்த பிள்ளை இவள் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காலையில் வெறும் காய்ச்சல், மாலைக்குள் உடம்பெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளிகள். அன்று ஊசி போட இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தக் கடிதமே வேறாக இருந்திருக்கும்.

உங்கள் அண்ணன் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நோய் பரவாமலிருக்க, கூட இருந்த எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னபோது அவர் போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் தனக்கும் வந்துவிட்டது என்று அலறிக்கொண்டு கழிப்பறையிலிருந்து ஓடி வந்து, பீரோ சாவியை அண்ணி கையில் கொடுத்துவிட்டார். அண்ணி இன்னும் திருப்பித் தரவில்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஒரு வருடம் வீட்டிலேயே இருக்கட்டும், ஊர் வாய் அடங்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதற்காக என் மகள் ஏன் கதவுக்குப் பின்னால் உட்கார வேண்டும்? அவள் என்ன திருடினாளா? நீங்கள் சொன்னதைக் கேட்பதாக இல்லை.

நேற்று பள்ளிக்கு அழைத்துப் போனேன். மற்ற பெற்றோர் தொற்றிவிடும் என்று பயப்படுகிறார்கள் என்றார் தலைமையாசிரியை. இனித் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். படித்துவிட்டும் இழுத்தார். தினமும் பஸ் நிறையக் கூட்டத்தை உள்ளே தள்ளி நிற்க வைக்கிற கண்டக்டர் நான், என் குரல் உங்களுக்குத் தெரியும். "பயப்படறவங்க வீட்ல இருக்கட்டும். என் பொண்ணு கிளாஸ்ல இருப்பா" என்றேன். வராந்தா முழுக்கக் கேட்டது. முதல் பெஞ்சில், நல்ல காது டீச்சர் பக்கம் வரும்படி அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போனேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளம்பும் முன் ஷூ மாட்டிக்கொண்டே, அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். தைரியமாகப் பள்ளிக்கூடம் போகச் சொல்லி எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அடுத்த கடிதத்தை அவள் பேருக்கே எழுதுங்கள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

கோபம் தீராத,
உங்கள் மனைவி