ஓடாத ஓட்டத்தின் சட்டை

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தைக் கடலோர வீதியிலுள்ள தேநீர்க்கடையின் வெளிமேசையில் எங்கள் ஓட்டக் குழு கூடி, தன் வரலாற்றிலேயே மிகப் பாரதூரமான தீர்மானத்தை நிறைவேற்றியது என்பதை உமக்கு அறியத் தருகிறேன். இனிமேல் ஒருவர் தான் ஓடாத ஓட்டத்தின் சட்டையையும் அணியலாம். ஆதரவாக இரண்டு வாக்குகள், எதிராக ஒன்று. வேறு வாக்குகள் இல்லை, ஏனென்றால் வேறு ஆட்கள் இல்லை. முன்மொழிந்தவர் செபஸ்தியான். எதிர்த்தவர் பல் டொக்டர். மூன்றாவது வாக்கு என்னுடையது.

மேசையில் பிளேன்ரீயும் ஒரு தட்டில் மீன் அடைத்த மாலு பணிஸும் இருந்தன. அவற்றுக்கு நடுவே, மூலை கிழிந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்தபடி உமது சட்டை. மேசை துடைக்க வந்த கடைக்காரர் அதைத் தொட்டு, "மேக்க அயின் கரன்னத மாத்தயா?" என்று கேட்டார். எடுக்கவேண்டாம் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்று ஒருமனதாக நடந்தது அது ஒன்றுதான்.

மாற்றப்பட்ட சட்டம் உம்முடையது. எங்கும் எழுதி வைக்கப்படாதது. ஆனால் இந்த நாட்டில் எழுதி வைக்கப்பட்ட பல சட்டங்களைவிட ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்பட்டது. ஓட்டத்துக்கு முதல் நாளே இலக்கத்தோடு சேர்த்துச் சட்டையையும் கொடுத்துவிடுகிற வழக்கத்தில்தான் சீரழிவு தொடங்குகிறது என்பது உமது கட்சி. பரீட்சைக்கு முதலே சான்றிதழைக் கொடுத்தால் எவன் படிப்பான் என்று கேட்பீர். "சட்டை எண்டது உடுப்பில்லை, ஐசே. சாட்சி" என்பீர்.

நீர் ஓடும்போது அணிவது எப்போதும் போன வருடத்துச் சட்டை. புதியது உமது மனைவி சுகந்தியின் பைக்குள் இருக்கும். முடிவுக் கோட்டைத் தாண்டி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று, மூச்சு அடங்கிய பிறகுதான் கையை நீட்டுவீர். கோயிலில் பரிவட்டம் கட்டுகிற முகத்தோடு சுகந்தி அதை எடுத்துத் தருவார். வியர்வை வடிய வடிய புதுச்சட்டையைப் போட்டு நாசமாக்குகிறீர்களே என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். "இப்பதானப்பா இது சட்டை" என்று ஒவ்வொரு முறையும் சொல்வீர்.

செபஸ்தியானின் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற மனிதன். துறைமுகத்தில் சாமான் விடுவிக்கிற வேலை. டெங்குவில் படுத்து ஒரு ஓட்டத்தைத் தவறவிட்டவர், எழும்பி வந்த முதல் ஞாயிறே அதன் சட்டையோடு வந்து நின்றார். நீர் அவரைச் சுகம் விசாரிக்கவில்லை.

"ஓடினனீரோ?"

"இல்ல பொஸ், டெங்குல படுத்துட்டேன்ல. ஆனா பதிஞ்சேன், சல்லி கட்டினேன், சட்டை குடுத்தாங்க."

"கலியாணத்துக்குச் சொன்னவை எண்டதுக்காக மாப்பிள்ளை ஆகேலுமே?"

"பொஸ், செத்துப் பொழச்சு வந்திருக்கேன்."

"அதுக்கு ஆஸ்பத்திரியிலை ஒரு சட்டை கேளும். இதைத் திருப்பிப் போடும்."

திருப்பிப் போட்டார். தையல் வெளியே தெரிய, கழுத்துச் சீட்டு பிடரியில் ஆட, தெஹிவளைவரை ஓடித் திரும்பினார். அடுத்த வாரம் அதைச் சொல்லி அவரே சிரித்தார். அதன் பிறகு குழுவில் சேர வந்த ஒருவனை, அந்தச் சட்டை எந்த ஓட்டத்தினது, எவ்வளவு நேரத்தில் முடித்தாய், தண்ணீர் எந்தச் சந்தியில் கொடுத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டவரும் அவரே. அந்த ஆள் திரும்பி வரவில்லை.

உமது நியாயாதிக்கம் குழுவோடு நிற்கவும் இல்லை. உமது தொடர்மாடிக்குக் கீழே நிற்கிற ஓட்டோச் சாரதி ஒரு நாள் எங்கோ வெளிநாட்டு மரதன் ஒன்றின் சட்டையில் நின்றான். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியது. நீர் விடவில்லை. "மல்லி, மே ரேஸ் எக்க திவ்வத?" என்று, இந்த ஓட்டத்தை ஓடினானா என்று கேட்டீர். "திவ்வா மாத்தயா, பொலிசிய பஸ்ஸென்" என்றான் அவன். ஓடினானாம், பொலிஸ் பின்னால் வந்ததாம். நீர் சற்று யோசித்துவிட்டு, அது செல்லும் என்று தீர்ப்பளித்தீர்.

பிறகு உமக்கு ஈரலில் வந்தது. வந்திருக்கிறது என்று தெரிந்தபோது அது வந்து கனநாள். நாம் நால்வரும் வருடாந்த ஓட்டத்துக்கு ஏற்கெனவே பதிந்திருந்தோம். உமது இலக்கத்தையும் சட்டையையும் நான்தான் எடுத்துக்கொண்டு வார்ட்டுக்கு வந்தேன். கையில் ஊசி ஏறியிருந்த நிலையில் உறையின் மூலையைப் பல்லால் கிழித்து, துணியை விரலால் தடவிப் பார்த்து, அளவு சரி என்று சொல்லி, அதைத் தலையணைக்குக் கீழே வைத்தீர். டொக்டர்மார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. உமது முகத்தைப் பார்த்தால், அவர்கள் சொன்னதை நீரும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

அந்த ஓட்டத்தன்று விடிய விடிய மழை. கிருலப்பனைப் பக்கம் பஸ்ஸே ஓடவில்லை. ஓட்டம் ஒத்திவைக்கப்பட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. உமக்குச் சொல்ல நனைந்துகொண்டு வந்தேன்.

"ஒருத்தரும் ஓடேல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஒருத்தரும் போடேலாது" என்று சிரித்தீர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவுக்கும் சிரிப்புக்கும் நடுவில் நின்று சிரித்தீர். "ஊர் முழுக்க அலுமாரியிலை சட்டை, போட ஆளில்லை. பாரும் ஐசே!" பிறகு புதிய திகதி எப்போது என்று கேட்டீர். சொன்னேன். கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டீர். "அதுக்கிடையிலை எழும்பியிடுவன்" என்றீர். ஓம் என்றேன்.

புதிய திகதி, நீர் போன எட்டாம் நாளில், உமது எட்டுச் செலவுப் படையலன்று வந்தது. ஊரில் ஆயிரக்கணக்கானோர் ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் மூவரும் உமது வீட்டில், உமக்குப் பிடித்த கறிகளெல்லாம் வரிசையாகப் படைத்திருக்க, சப்பாணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆகவே சட்டத்தின்படி எங்கள் நான்கு சட்டைகளும் செல்லாதவை. என்னுடையது இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தபின் சுகந்தி உமது உடுப்புகளைக் கொடுத்துவிட்டார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். நல்ல காரியங்களை ஒருவரிடமும் கேட்காமல் செய்கிற பழக்கம் அவருக்கு உண்டு. ஓட்டோத் தரிப்பிடம், தொடர்மாடிக் காவலாளி, சந்தியில் செவ்விளநீர் விற்கிறவர் எல்லோருக்கும் உமது சட்டைகள் போய்விட்டன. அதன் விளைவை நீர் கற்பனை செய்துபாரும். நான் காலையில் வீதிக்கு இறங்கினால், உமது முதுகு இளநீர் சீவுகிறது. உமது முதுகு ஓட்டோவைக் கழுவுகிறது. ஒரு நாள் வாய்க்கால் பாலத்தில் உமது முதுகு எனக்கு முன்னால் நடந்துபோனது. தோள்பட்டையில் உப்புப் படிந்து வெளிறிய அதே இடம். ஓடினேன். எந்த ஓட்டத்திலும் அப்படி ஓடியதில்லை. முந்திச் சென்று முகத்தைப் பார்த்தேன், தெரியாத மனிதர். முகத்தைப் பார்த்த பிறகும் கொஞ்சத் தூரம் அவருக்குப் பின்னாலேயே போனேன். அவர் திரும்பிப் பார்த்து, ஏதாவது வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். மணி கேட்டேன். என் கையில் மணிக்கூடு கட்டியிருந்தது.

அதனால்தான் அந்த ஒரு சட்டை எனக்கு வேண்டியிருந்தது. அதை நீர் ஒருநாளும் போடவில்லை, மற்றவர்களுக்கும் போகவில்லை. ஆனால் அத்தனை வாரமும் உமது தலைக்குக் கீழே கிடந்தது. உறை கிழிந்த மூலையில் மூக்கை வைத்தால் வார்ட்டின் மருந்து வாசம், அதற்குள் நீர் நெற்றியில் பூசுகிற தைலம், அதற்கும் அடியில் நீர்.

சுகந்தி மெல்பேர்ணுக்கு, மகளிடம் போவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். வீட்டைக் காலி செய்யும்போது என்னை வரச்சொன்னார். பெட்டிகளுக்கு நடுவில் அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒண்டு கேக்கவேணும். பிளேனிலை இதைப் போட்டுக்கொண்டு போகலாமோ?"

"என்னட்டை ஏனம்மா கேக்கிறீர்?"

"அவர் இருந்தா அவரைக் கேட்டிருப்பன். இப்ப அவரின்ரை சட்டம் உங்களிட்டைத்தானே இருக்கு."

அவரே தன் வழக்கை எடுத்துரைத்தார். "நான் ஓடினதில்லை. அது உண்மை. ஆனா ஒரு ஓட்டத்தையும் தவறவிட்டதில்லை அண்ணா. விடியமுன்னம் எழும்பி, முடிவுக் கோட்டடியிலை பையோடை நிண்டனான். மழையிலையும் நிண்டனான்." பிறகு, சட்டையைப் பார்த்தபடியே சொன்னார்: "கடைசிக் கிழமை குளிருது குளிருது எண்டு நடுங்கினார். போர்வைக்கு மேலை போர்வை. தலையணைக்குக் கீழை புதுச்சட்டை கிடக்குதே, போட்டுவிடட்டோ எண்டு கேட்டன். 'ஓடேல்லையப்பா, எப்பிடிப் போடுறது' எண்டார்."

ஜன்னலுக்குக் கீழே பாணந்துறை ரயில் போனது. அது போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"போடக்கூடாதெண்டா நான் கொண்டுபோகேல்லை. பெட்டிக்குள்ளை வைச்சுப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. நீங்களே வைச்சிருங்கோ. உங்களிட்டை இருந்தா அவருக்குச் சரியாயிருக்கும். மற்ற ரெண்டு பேரோடையும் கதைச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

நிலைமையை விளங்கிக்கொள்ளும். சட்டம் நின்றால் சட்டை எனக்கு. சட்டம் போனால் சட்டையும் போகும். உமது கொள்கையின் மிகத் தீவிரமான ஆதரவாளனாக நான் அந்த நிமிடத்தில் மாறினேன். சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். ஞாயிறு வரும்வரை நான் செய்த வேலை இதுதான். உறையின் கிழிந்த மூலையை மடித்து ஒட்டினால் வாசம் நிற்கும் என்று ஒட்டினேன். நிற்கிறதா என்று பார்ப்பதற்கு மறுபடி பிரித்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கூட்டத்தில் பல் டொக்டர்தான் முதலில் பேசினார். பாமன்கடையில் இருந்து வருகிறவர். அதிர்ந்து கதைக்காத மனிதர். அன்று குரல் உயர்ந்தது. "சட்டம் செய்த மனிசன் குளிரிலை நடுங்கிக்கொண்டும் அதை மீறேல்லை. நாங்கள் ஆர் மீற?"

"டொக்டர், என்னைத் திருப்பிப் போட வச்சாரு. நான் கோவிக்கல" என்றார் செபஸ்தியான். "அந்த அம்மாகிட்டயும் திருப்பிப் போடச் சொல்லுவீங்களா?"

"சொல்லேலாது."

"அப்போ?"

"அப்ப நான் எதிர்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் நல்ல வாதங்கள் இருந்தன, எல்லாம் டொக்டரின் பக்கம். ஒரு கிழமையாகத் தயாரித்தவை. ஆனால் போர்வைக்கு மேல் போர்வையோடு நீர் கிடந்ததும், தலைக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் அந்தச் சட்டை கிடந்ததும், சுகந்தி பக்கத்தில் நின்றதும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார். உம்மிடம் கேட்கமுடியாததைத்தான் எங்களிடம் கேட்டார். கையை உயர்த்தினேன். உயர்த்திய கை என்னுடையதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

டொக்டர் மிச்ச பிளேன்ரீயைக் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "நான் எதிர் எண்டதை மறக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நேரே சுகந்தியிடம் போனேன்.

"எத்தினைக்கு எத்தினை?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கு ஒண்டு."

"எதிர்த்தது ஆர், டொக்டரோ?"

"ஓம்."

"நல்லது. ஒராளாவது அவரின்ரை பக்கம் நிக்கவேணும்."

உறையைப் பிரித்து, சல்வாருக்கு மேலேயே போட்டுக்கொண்டார். தோள் தையல் முழங்கைவரை இறங்கியது. கண்ணாடி ஏற்கெனவே விற்றுப் போயிருந்தது. அதனால் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். அளவு சரி என்றேன்.

அவர் புதன்கிழமை போனார். நீர் இருந்திருந்தால் இந்தத் தீர்மானத்தைத் தேநீர் ஆறுவதற்குள் உடைத்திருப்பீர் என்று எனக்குத் தெரியும். உடைக்க வாரும் என்று கூப்பிட வழியில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது உமது கேள்விதான். கடலோரத்தில் சட்டை போட்ட எவரைக் கண்டாலும், ஓடினனீரோ என்று மனதுக்குள் கேட்கிறேன். சந்தையில் கேட்கிறேன், பஸ்ஸில் கேட்கிறேன். பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு. நீர் போனதிலிருந்து நான் தெஹிவளைவரை ஒருநாளும் முழுதாக ஓடவில்லை. பாதி வழியில் கால் நிற்கிறது. கல்லில் உட்கார்ந்து, கடலைப் பார்க்கிறவன்போல் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

நேற்று சுகந்தி மெல்பேர்ணிலிருந்து கதைத்தார். சுகமாகப் போய்ச் சேர்ந்தாராம். பயணத்தில் போட்டிருந்த உடுப்புகள் எல்லாவற்றையும், உமது சட்டையையும் சேர்த்து, மகள் அன்றைக்கே மெஷினில் போட்டுத் தோய்த்துவிட்டாராம்.