அறுபது யூனிட்டுக்குள்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து ஒருவருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம்.

செப். 12, திங்கள்

மழை விடவில்லை. சப்பாத்து இன்னும் ஈரம். மாதம் அறுபது யூனிட் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடுமாம். அப்பா தினமும் மீட்டர் பார்த்துக் கலண்டரில் எழுதுகிறார். நிறுத்தியவை: பிரிட்ஜ், டிவி, அயன். சீருடையை மெத்தைக்கு அடியில் வைத்துப் படுக்கிறேன். ஒரு பக்கம்தான் மடிப்பு விழுகிறது.

அப்படியும் யூனிட் கூடுகிறது. காரணம் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ரிஸானா என் வகுப்பு. அவர்களுக்குக் கரண்ட் வெட்டிவிட்டார்கள். டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. எல்லாரும் படுத்த பிறகு என் அறை ஜன்னலால் வயர் கொடுக்கிறேன். ஒரு பல்புக்கு. விடியுமுன் இழுத்துவிடுவேன்.

செப். 14, புதன்

பனி. தலைவலி. சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம், பகலில் களவாக என்ன போடுகிறாய் என்றார்.

"வெறகுலதான் சமைக்கிறேன். கரண்ட்ல எனக்கென்னங்க வேல?"

"பொய் சொல்லாத."

அம்மா தட்டுகளை எடுத்துப் போய் இருட்டிலேயே கழுவினாள். நான் ரொட்டியை விழுங்கினேன்.

பிறகு கணக்குப் போட்டேன். ஒன்பது வொட் பல்பு விடிய விடிய எரிந்தாலும் கால் யூனிட் வராது.

செப். 15, வியாழன்

பல்பு மட்டும்தானா போடுகிறீர்கள் என்று இடைவேளையில் ரிஸானாவிடம் கேட்டேன். நிலத்தைப் பார்த்தாள்.

"உம்மா கரண்ட் கேத்தல் வெச்ச. காஸ் முடிஞ்சி. தம்பிக்கு பால் கரைக்க. பொறகு சோறும்."

கோபம் வரவில்லை. களைப்புத்தான். தம்பிக்கு ஒரு வயது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

செப். 16, வெள்ளி

அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து வயரைக் கொடுத்தேன். தூங்கவில்லை. அம்மாவை எழுப்பிச் சொல்வது கேட்டது.

"எல்லாத்தையும் நிறுத்திட்டு மீட்டரப் பார்க்கிறேன். அப்பவும் ஓடுச்சுன்னா நீ சொன்னது நெசம்."

என் அறையிலும் நிறுத்தியாயிற்றா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார். ஆமாப்பா என்றேன். இப்போது டோர்ச்சோடு வெளியே போய்விட்டார். மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பிளக் கைக்கெட்டும் தூரம். பிடுங்கினால் மீட்டர் நின்றுவிடும். நான் தப்புவேன். அம்மா பொய்க்காரி ஆவாள்.

கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

"ஓடுதே," அப்பா குரல். "வேகமா ஓடுது."

செருப்புச் சத்தம் சுவரோரமாக வருகிறது. டோர்ச் வெளிச்சம் ஜன்னலில் நின்றது, வயர் மேல். இப்போது வீட்டுக்குள். கதவைத் தட்டுகிறா—