அப்பாவின் வலது குதிகால்

மைசூர்
தாது வருஷம், ஐப்பசி

சிரஞ்சீவி சௌபாக்கியவதி அன்னபூர்ணிக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. அப்பாவின் வலது குதிகாலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். கராச்சியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குதிகால் உட்பட சௌக்கியமாக இருக்க வேண்டும். பயப்படாதே, கால் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நீரிழிவு வந்து பல வருஷமாகிறது என்பது ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது. டாக்டர் வரச்சொன்ன நாளிலெல்லாம் ரிட்டயரான மனுஷருக்குத் தலைபோகிற வேலை வந்துவிடும். கடைசியில் டாக்டர், தலை முதல் கால் வரை பார்த்து வரும்படி ரங்கம்மா என்கிற நர்ஸை வீட்டுக்கே அனுப்பினார். அப்பா அதை ரயில்வே இன்ஸ்பெக்‌ஷனாக எடுத்துக்கொண்டார். நஞ்சன்கூட்டில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது போட்ட கோட்டு, தலைப்பாகை, கறுப்புக் காலுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரங்கம்மா கன்னடக்காரி, என் வயசிருக்கும், தமிழ் நன்றாகவே பேசுகிறாள். இனிப்பு சாப்பிடுவதுண்டா என்று கேட்டாள். தொடுவதே இல்லை என்றார். பழைய போர்ட்டர் லிங்கப்பன் கொண்டுவந்த ரசவாழைத் தார் பாதி காலியாகி அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்த்ததும், "பழம் பட்சணத்தில சேர்த்தி இல்லை" என்று ஒரு தீர்ப்புச் சொன்னார். கண் தெரிகிறதா என்றதற்குப் பத்திரிகைச் செய்தியைக் கடகடவென்று ஒப்பித்தார், காலையில் நான் வாசித்துக் காட்டியதுதான். அவள் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இந்தப் பக்கம் அச்சு சரியில்லை என்றுவிட்டார். சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினாள், செங்கல் நிறமாயிற்று, சர்க்கரை ஏராளம் என்று அர்த்தமாம். மருந்து பழசாயிருக்கும் என்றார்.

பூட்ஸை மட்டும் கழற்றமாட்டேன் என்று பிடிவாதம். ரங்கம்மா அவரோடு வாதாடவில்லை, என்னைப் பார்த்து "அம்மா, நீங்க கழட்டுங்க" என்றாள். கழற்றினேன். காலுறை குதிகாலோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. வெந்நீர் விட்டு நனைத்து உரித்தோம். அவர் அதைக் கவனிக்காமல் ஏதோ ஸ்பெஷல் ரயிலை நிறுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பூட்ஸின் ஆணி மேலே வந்து குத்திக் குத்தி, குதிகாலில் ஒரு குழியே விழுந்து கறுத்திருந்தது. ரங்கம்மா நிதானமாக, "கண்ணை மூடிக்கோங்க ஸ்வாமி, நான் தொட்டா சொல்லுங்க" என்றாள். பஞ்சால் விரல்களைத் தடவினாள், பாதத்தை அழுத்தினாள், ஊசிமுனையை வைத்துப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடியபடியே, "எத்தனை நாழி இப்படி உட்கார்ந்திருக்கறது, சீக்கிரம் ஆரம்பியுங்கோ" என்றார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முடிஞ்சுபோச்சு ஸ்வாமி" என்றாள். கண்ணைத் திறந்தவர் என் கையிலிருந்த காலுறையைப் பார்த்தார். கறுப்புத் துணியில் அதுவரை கறை தெரியவில்லை, என் விரலெல்லாம் ரத்தம். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மெதுவாக, "கால் போயிடுமாடி?" என்றார்.

ஜட்கா வண்டி வைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடையில் ஒருநாள், காலையே வெட்டி எடுக்கவேண்டி வரலாம் என்றுகூட டாக்டர் சொன்னார். அத்தனை தூரத்தில் நீ தவித்துப்போவாய் என்றுதான் அப்போது எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அழுகியதை வெட்டி, தினம் ஊசி போட்டு, ரங்கம்மா காலையும் மாலையும் கட்டு மாற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். நர்ஸை வரவழைத்ததே தான்தான் என்று தெருவெல்லாம் சொல்கிறார். பார்க்க வருகிறவர்களை முதலில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்கிறார். எதிர்வீட்டு வக்கீல் மாமா இப்போது வருவதே இல்லை.

தினம் சாயங்காலம் விளக்கை அருகில் வைத்து அவர் பாதத்தைப் பார்ப்பது என் வேலை என்று ரங்கம்மா உத்தரவு. கல்யாணமான நாள் முதல் எத்தனையோ தடவை அந்தக் காலில் விழுந்து நமஸ்காரம் செய்திருக்கிறேன். உள்ளங்கால் எப்படியிருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன். இடது பாதத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. சொன்னேன். அவருக்கும் தெரியாதாம்.

உன் மாமனாருக்கும் இதே வியாதி, அவர் பாதத்தை ஒருதடவை பார்க்கச் சொல். நீங்கள் எல்லோரும் நீடூழி வாழவேண்டும். அப்பா தனியாக ஒரு கார்டு எழுதியிருக்கிறார், தனக்கு ஒன்றுமே இல்லை என்று. அதை நம்பிவிடாதே.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள அம்மா
லலிதாம்பாள்