கட்டை விரல் தெரிகிற ரசீது

பிப்ரவரி 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், வருஷத்துக்கு ஒருமுறை கேட்கிற கேள்வியா இது என்பாய். இருந்தாலும் கேட்கிறேன்.

மாடி வீட்டு வாடகை விவரமும் ரசீதுகளும் வைத்த உன் கவர் வந்தது. இனி வருஷத்துக்கு ஒரு கவர் போதாதாம். ஏப்ரலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செல்போன் செயலி வழியாகவே வரிக்கணக்குக் காட்ட வேண்டும். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கும் இந்தச் சட்டம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், நீ பார்லர் வைத்திருக்கிறவள், வீடோ இருவர் பெயரிலும் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கொண்டோம்.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். வீட்டை விற்று டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிக்கலாம் என்று நானும், என் பார்லர் இருக்கிற இடத்தை விற்கவே மாட்டேன் என்று நீயும் சண்டை போட்டு, நான் பெட்டியோடு கிளம்பிய அன்று, "எதுவானாலும் எழுதுங்க, ஃபோன்ல நீங்க கத்துறீங்க" என்றாய். ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செயலியை இறக்கி, ஒரு ரசீதைப் படம் எடுத்து ஏற்றிப் பார். வீடு இருவர் பெயரிலும் இருப்பதால் எனக்கும் அது தெரியும்.

இப்படிக்கு,
டிரைவிங் மாஸ்டர்


பிப்ரவரி 15

அன்புள்ள மாஸ்டருக்கு,

நன்றாக இருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை நன்றாக இருக்க என்ன கஷ்டம்?

பார்லருக்கு வந்த பெண் ஒருத்தி தலையில் சாயத்தோடு உட்கார்ந்தபடியே செயலியை இறக்கிக் கொடுத்தாள். அந்த மும்முரத்தில் சாயம் கழுவ நேரமாகிவிட்டது. கேட்டதைவிடக் கறுப்பாகத்தான் வீட்டுக்குப் போனாள், பாவம். குழாய் ரிப்பேர் ரசீதை ஏற்றியிருக்கிறேன், பாருங்கள்.

மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மா ஒன்றாம் தேதியே வாடகையைப் போட்டுவிடுகிறார். நீங்கள் விட்டுப் போன ஷூ மாடிப்படிக்குக் கீழே அப்படியே இருக்கிறது. அவ்வப்போது துடைத்து வைக்கிறேன், தோல் வெடித்துவிடக் கூடாதே என்று.

செயலி வந்தாலும், எது எதற்கான செலவு என்று விளக்கம் எழுதத்தானே வேண்டும்? மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு நான்கு கடிதம். எல்லாரும் அந்தச் சட்டத்தைத் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ, அதைப் போட்டவர் நன்றாக இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

உங்கள்,
பார்லர்காரி


மார்ச் 20

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

படம் பார்த்தேன். பாதி ரசீதில் உன் கட்டை விரல்தான் இருக்கிறது. குழாய்க்காரர் பெயரே விரலுக்கு அடியில் போய்விட்டது. ஸ்டியரிங் பிடிக்கிறவர்களிடம் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன்: கை எங்கே இருக்கிறது என்று பார். ரசீது மட்டும் போதும்.

ஒரு நல்ல செய்தி. உன் வங்கிக் கணக்கைச் செயலியோடு இணைத்துவிட்டால், வாடகையில் என் பாதி தானாகவே என் பக்கம் பதிவாகிவிடும் என்று என் கணக்கர் சொன்னார். செலவுக்குப் படம் போதும், விளக்கமெல்லாம் வேண்டாமாம். நாள் பூராவும் நின்றுகொண்டு வேலை செய்கிறவள், அதற்கப்புறம் உட்கார்ந்து எனக்கு வேறு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். 'அனுமதி' என்று ஒரு பொத்தான் வரும், அழுத்திவிடு. இனி என்னால் உனக்குத் தொந்தரவு இருக்காது.

இப்படிக்கு,
டிரைவிங் மாஸ்டர்


மார்ச் 29

மாஸ்டருக்கு,

அழுத்திவிட்டேன்.

தொந்தரவு என்று நான் எப்போது சொன்னேன்? எனக்குக் கார் கற்றுக்கொடுத்தபோதும் இதே கதைதான். நான் பிரேக்கைத் தொடுவதற்குள் உங்கள் பக்கத்து பிரேக்கை நீங்களே மிதித்துவிடுவீர்கள். இவள் கால் என்ன செய்யப் போகிறது என்று ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்ததே இல்லை.

இந்த வருஷத்துக்கென்று கவர் வாங்கி வைத்திருந்தேன். டீச்சரம்மாவுக்குக் கொடுத்துவிடுகிறேன், அவருக்கு எழுத ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
வீட்டின் பாதி உரிமையாளர்


ஜூலை 16

அன்புள்ளவளுக்கு,

முதல் கணக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. வாடகை தானாக வந்தது, ரசீதுகள் தெளிவாக இருந்தன. "ஒரு குறையும் இல்ல சார்" என்றார் கணக்கர். எனக்குத்தான் குறையாக இருந்தது. இந்த மூன்று மாதமும் நீ யாரைத் திட்டினாய், எதற்குச் சிரித்தாய், மழைக்கு மாடிச் சுவர் ஊறியதா, ஒன்றும் அந்த எண்களில் இல்லை. உன் கடிதம் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது, போ.

ரசீதுகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதம் தண்ணீர்த் தொட்டி சரிசெய்த ரசீதின் மூலையில் உன் கட்டை விரல் தெரிந்தது. அதில் துணிக்கட்டு. ஜூன் மாதத்துப் பெயின்ட் ரசீதிலும் விரல், அதிலும் கட்டு. அத்தனை நாள் ஆறாத காயமா? கத்திரி பிடிக்கிற கையா, மற்றக் கையா? ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை.

இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கணக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். செயலியில் ஏற்ற வேண்டியதை நானே உட்கார்ந்து தட்டிக்கொள்கிறேன். நீ பழையபடி கவரில் அனுப்பு.

முதலில் விரலைப் பற்றி எழுது. எழுத முடியாதபடி இருந்தால் எழுதாதே. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வரவில்லை என்றால், அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறேன். கத்த மாட்டேன்.

உன்,
மாஸ்டர்


ஜூலை 22

அன்புள்ள மாஸ்டருக்கு,

முடி சுருட்டுகிற கம்பி சுட்டுவிட்டது. ஆறி வரும்போது அதே இடத்தில் மறுபடியும் சுட்டுக்கொண்டேன். இப்போது கட்டுக்கூட இல்லை. எழுதவும் முடிகிறது, பார்க்கிறீர்களே.

ஆனாலும், இந்தக் கடிதம் உங்களுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பார்லர்காரி