புதன்கிழமை கடைசி பீரியட்

என் பிரியமுள்ள மதினி,

வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நம் பள்ளிக்கூடத்தில் இன்றைக்குக் கடைசி பீரியட் பாடமே நடக்கவில்லை! இனி எந்தப் புதன்கிழமையும் நடக்காது. பிள்ளைகள் மனசில் கிடப்பதைப் பேசலாம். பாதி டீச்சர்கள் அவர்களோடு இருப்போம், மீதிப் பேர் ஓய்வறையில் எங்கள் பாட்டைப் பேசுவோம். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம். பெரிய டீச்சரே உத்தரவு போட்டுவிட்டார்கள். நம்புகிறீர்களா?

டைபாய்டு என்று சொல்லச் சொன்ன அதே பெரிய டீச்சர்தான்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எண்பத்தெட்டு என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நீங்கள் பாதியில் நின்றுவிட்டீர்கள். பிள்ளைகள் பயந்துபோய் அடுத்த வகுப்பிலிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். "ஏட்டி செல்வி, அடுத்த வரி என்னன்னு தெரியல. தூங்கி எம்புட்டு நாளாச்சுன்னும் தெரியல" என்றீர்கள். கணக்கில் நிறையப் பேர் ஃபெயில் என்று பெரிய டீச்சர் எல்லா டீச்சர்கள் முன்னாலும் உங்களை எழுப்பி நிறுத்திக் கேட்ட நாளிலிருந்து நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியும். இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தெரியாது.

அண்ணன் உங்களை மதுரையில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனான். கொஞ்சம் தேறித் திரும்பி வந்தபோது பெரிய டீச்சர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள்: "டைபாய்டுன்னு சொல்லிருங்க. பொறவு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ."

நீங்கள் தலையை ஆட்டிவிட்டு நேரே வகுப்புக்குப் போனீர்கள். "எனக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. டாக்டரப் பாத்தேன், மாத்திரை சாப்பிடுதேன். இப்ப கொஞ்சம் பரவால்ல." அவ்வளவுதான் சொன்னீர்கள். வாசலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?

வன்னியம்பட்டியிலிருந்து வரும் தங்கமாரி எழுந்தாள். மாசக்கணக்கில் யாரோடும் பேசாத பிள்ளை. "எனக்கும் அப்படித்தான் இருக்கு டீச்சர். கெணத்துப் பக்கம் போகவே பயமா இருக்கு. குதிச்சிருவேனோன்னு." அன்று சாயங்காலம் அவள் கையை விடாமலே நீங்கள் அவள் வீடுவரை போனீர்கள். நானும் கூட வந்தேன்.

அடுத்த நாள் காலையில் ஆபீஸ் ரூம் வாசலில் கூட்டம். "கிறுக்குப் புடிச்ச டீச்சர் எங்க பிள்ளைகளுக்கு வேண்டாம்" என்று சத்தம். உங்கள் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு, தலையெல்லாம் பஞ்சோடு தங்கமாரியின் அப்பா வந்தார். இவரும் சண்டைக்குத்தான் வருகிறார் என்று நாங்கள் ஒதுங்கினோம்.

"எம்மவ நேத்துதான் எங்கிட்ட வாய் தொறந்து பேசினா. அழுதா. பொறவு சோறு கேட்டா" என்றார் அவர். "இந்த டீச்சர அனுப்பினா எம்மவளையும் நான் கூட்டிட்டுப் போயிருவேன்."

கூட்டம் மெல்லக் கலைந்தது. பெரிய டீச்சர் உங்களை அதே வகுப்புக்கு அனுப்பினார்கள். தங்கமாரியை மதுரை டாக்டரிடம் கூட்டிப்போனதும் நீங்கள்தானே? இப்போது அவள் கோவில்பட்டியில் தையல்கடை வைத்திருக்கிறாள். போன மாசம் என்னைப் பார்க்க வந்து, என் ஜாக்கெட் தையலைக் கேலி செய்துவிட்டுப் போனாள்!

அப்புறம் சில வருஷத்தில் நீங்கள் கண்ணை மூடியது மஞ்சள்காமாலையில். ஊர் வேறு என்னென்னவோ பேசியது. கேட்டவர்களிடமெல்லாம் உள்ளதைச் சொன்னேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் டீச்சர்கள் கூட்டத்தில் எழுந்து இந்த ஒரு பீரியடைக் கேட்டேன். "பாப்போம், பாப்போம்" என்பார்கள். இந்த வருஷம் ஓய்வு பெறப்போகும் பெரிய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "ஒங்க மதினி அன்னைக்கு உள்ளதச் சொன்னாவ பாத்தியா, அதுதான் சரி. நான் போறதுக்குள்ள இத ஆரம்பிச்சிரு செல்வி."

இன்றைக்கு ஓய்வறையில் முதலில் பேசியது யார் தெரியுமா? டிரில் டீச்சர் கனகம்! விசிலை எடுத்தாலே பிள்ளைகள் நடுங்குவார்களே, அந்தக் கனகம். "காலைல ஸ்கூல் கேட்டப் பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்குது. தெனமும்" என்றாள். தமிழ் டீச்சர், "ஒனக்குமா?" என்றார்கள். அப்புறம் ஒரே பேச்சு, ஒரே அழுகை, நடுவில் சிரிப்பு. பெல் அடித்ததே காதில் விழவில்லை. ஒன்பதாம் வகுப்பிலோ பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். கொஞ்ச நேரம் வந்திருந்து இதையெல்லாம் நீங்கள் பார்த்திருக்கக் கூடாதா மதினி?

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. எல்லாரையும் பேச வைத்த நான் இன்று பேசவில்லை. நீங்கள் போன பிறகு, இன்றுவரை, கணக்கு நடக்கும் அந்த வகுப்பைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும். அண்ணனுக்குக்கூடத் தெரியாது. அடுத்த தடவை எனக்கு ஓய்வறை முறை வரும் புதன்கிழமை, கனகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். டைபாய்டு என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த பஸ் வந்துவிட்டது. வாரேன் மதினி.

உங்கள் நாத்தனார்,
மடவார் வளாகம் செல்வி